தடை லிஸ்ட்டுல இட்லியும் இருக்கு!

முந்தாநாள் தெரபி சென்டர் வராண்டாவுல உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு. சின்ன வயசு. அவ பையன் உள்ள ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) செஷன்ல இருக்கான். போனை என்கிட்ட நீட்டி, "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன். வர்ற திங்கக்கிழமைல இருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க"ன்னா.

பாத்தேன். ஒரு பி.டி.எஃப். "குடல் சரியானா ஆட்டிசம் சரியாகும்"ங்கிற ரீதியில தலைப்பு. கீழ, சாப்பிடக் கூடாத அயிட்டங்கள். அரிசி, கோதுமை, ராகி, கம்பு, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பால், சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி... தள்ளத் தள்ள வந்துட்டே இருக்கு.

"சரிம்மா, உன் பையன் இப்போ என்னதான் சாப்பிடறான்?"

"இட்லி, தயிர் சாதம், பால், அப்புறம் ஒரே ஒரு பிஸ்கட்டு. அவ்ளோதான் அக்கா."

நாலு சாப்பாடு. நாலும் அந்த லிஸ்ட்டுல இருக்கு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அந்தப் பொண்ணு மேல இல்ல. அவ என்ன பண்ணுவா, புள்ளைக்கு எது நல்லதுன்னாலும் செய்யத் துடிக்கிறா. ஆன்லைன்ல பணம் வாங்கிட்டு அந்த பி.டி.எஃப். அனுப்பின ஆள் மேலதான் கோவம். "உங்க பையன் என்ன சாப்பிடுவான்?"ங்கிற ஒரு கேள்விகூடக் கேக்கலையாம்.

செஷன் முடியற வரைக்கும் பேசினேன். பத்தல. அதான் இந்தப் பதிவு. (நீளமா இருக்கும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. பால் டீயே குடிங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.)

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டரும் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. இந்த டயட்டை வீட்டுல நடத்திப் பாத்த ஒரு அம்மா. அப்போ பையனுக்கு நாலு வயசு. அவனுக்கும் வெள்ளைச் சாப்பாடுதான். இட்லி, தயிர் சாதம், பால். தோசைன்னா ஓரம் முறுகாம, ஒரு பொட்டு சிவப்பு இல்லாம இருக்கணும். முறுகிடுச்சுன்னா அது தோசையே இல்ல, அவனைப் பொறுத்தவரை.

இதுக்கு நடுவுல மலச்சிக்கல் வேற. அதைப் பத்தி அப்புறம் வர்றேன், ஏன்னா கதையோட ஹீரோவே அதுதான்.

*

மொதல்ல இந்த டயட்டெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம்.

"காப்ஸ்"னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. நடாஷா கேம்ப்பெல் மெக்பிரைடுன்னு ஒரு அம்மா, ரஷ்யாவுல டாக்டருக்குப் படிச்சுட்டு இங்கிலாந்துல செட்டில் ஆனவங்க. 2004-ல புத்தகம் போட்டாங்க. குடல் கெட்டுப் போனதுனாலதான் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., மனச்சோர்வு எல்லாம் வருது, குடலை ஆத்தினா எல்லாம் சரியாகும்னு வாதம். முழுசா ஒண்ணரை ரெண்டு வருஷம் இருக்கணும்.

ஆனா சாப்பாட்டு லிஸ்ட்டு அவங்க யோசிச்சுக் கண்டுபிடிச்சது இல்ல. அதுக்கு முன்னாடி எலெய்ன் காட்ஷால்னு ஒருத்தங்க "எஸ்.சி.டி."ன்னு ஒரு டயட்டைப் பரப்பிட்டு இருந்தாங்க. அவங்க பொண்ணுக்குப் பெருங்குடல் புண். நியூயார்க்ல சிட்னி ஹாஸ்னு வயசான குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க, அவர் சொன்ன சாப்பாட்டுல பொண்ணு தேறிட்டா. அந்த ஹாஸ் 1920-கள்ல சீலியாக் நோய்க்கு வாழைப்பழ வைத்தியம் பண்ணிப் பேர் வாங்கினவர். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு வாழைப்பழம் குடுப்பாராம். குழந்தைங்க நெஜமாவே பொழைச்சாங்க!

இதுலதான் ஒரு திருப்பம். அந்தக் குழந்தைங்க பொழைச்சது கோதுமையை நிறுத்தினதுனால. அரிசியையோ உருளைக்கிழங்கையோ நிறுத்தினதுனால இல்ல. நெதர்லாந்துல வில்லெம் டிக்கேன்னு ஒரு டாக்டர் இதைக் கண்டுபிடிச்சு, 1950-ல ஆய்வேடே எழுதிட்டாரு. ரெண்டாம் உலகப்போர் கடைசி குளிர்காலத்துல அங்க ரொட்டியே கிடைக்கல. ஊரே பட்டினி. ஆனா சீலியாக் குழந்தைங்க மட்டும் நல்லா ஆயிட்டு வந்தாங்களாம். போர் முடிஞ்சு ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துட்டாங்க.

ஆக, கோதுமை செஞ்ச குத்தத்துக்கு அரிசியும் சேந்து ஜெயிலுக்குப் போயிருக்கு. இன்னும் வெளிய விடல. அந்த ஜெயில்லதான் நம்ம இட்லியும் கிடக்கு.

(வெள்ளைக்காரங்க வீட்டுல அரிசியை நிறுத்தறது பெரிய விஷயம் இல்ல. நம்ம வீட்டுல அரிசியையும் உளுந்தையும் எடுத்துட்டா மிச்சம் என்ன? கரண்டிதான்.)

*

நாங்க மொதல்ல போனது இவ்ளோ தூரம் இல்ல. கோதுமையும் பாலும் மட்டும்தான் நிறுத்தினோம்.

கோதுமையை நிறுத்தறது நம்ம ஊர்ல ரொம்ப சுலபம், தெரியுமா? இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பொங்கல், ராகிக் கூழ், கம்பங்களி, தினை, வரகு, எதுலயும் குளூட்டன் (கோதுமையில இருக்கற புரதம்) கிடையாது. அமெரிக்காவுல ஒரு அம்மா குளூட்டன் இல்லாத ரொட்டிக்காகக் கடை கடையா அலைவாங்க. நாம அரிசிமாவுப் பாக்கெட்டைப் பிரிச்சாப் போதும்.

சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட், ரஸ்க், இதெல்லாம் போச்சு. மால்ட் பவுடர் போச்சு (பார்லி இருக்கு). சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பெருங்காயம்!

ஆமாங்க. கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்க, போட்டிருக்கும். நான் கோதுமையைத் தேடி வீட்டையே கவுத்துட்டு இருக்கேன், அது தினமும் ரசத்துல குதிச்சுட்டு இருந்திருக்கு. அத்தைகிட்ட சொன்னேன். "பெருங்காயம் இல்லாம ரசமா? அதுக்குப் பேசாம வெந்நீர் வெச்சுக் குடிக்கலாம்"னாங்க. அரிசிமாவு கலந்த பெருங்காயமும் இருக்கு, தேடி வாங்கினோம். சாம்பார் பொடி, ஊறுகாய், கடை மிக்சர் எல்லாத்துலயும் அந்தப் பழைய பெருங்காயம் இருக்கும். வீட்டுலயே அரைக்க ஆரம்பிச்சேன். (அந்த ஒரு பழக்கம் இன்னிக்கும் இருக்கு. சாம்பார் ருசியே வேற.)

பையன்கிட்ட எதாவது மாற்றம்? பிஸ்கட் கேட்டு அழுதான். அவ்ளோதான் மாற்றம்.

அடுத்து பால். இதுதான் கஷ்டம். பால் போனா தயிர் போச்சு, தயிர் போனா தயிர் சாதம் போச்சு. அவன் மதியச் சாப்பாடே அதுதான். தேங்காய்ப்பால்ல தயிர் செஞ்சேன். வேர்க்கடலைப் பால்ல செஞ்சேன். மோந்து பாத்தான். தட்டோட அடுப்படிக்கு வந்து, தட்டை என் கையில குடுத்துட்டுப் போயிட்டான். பேச்சு அப்போ அதிகம் வராது. ஆனா அன்னிக்கு அவன் சொன்னது தெருவுக்கே புரிஞ்சிருக்கும்.

பாலோட கால்சியமும் போகுதேன்னு கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரைன்னு ஓடினேன். 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, பாலை விட அதிகம். பேப்பர்ல கணக்கு பிரமாதம். ஆனா கேழ்வரகு கலர் என்ன? வெள்ளை இல்லையே! யாரு சாப்பிடறது?

*

அப்புறம்தான் "இதெல்லாம் அரைகுறை, முழுசாப் போனாத்தான் ரிசல்ட்டு"ன்னு ஒருத்தங்க சொல்லி, குடலை ஆத்துற அந்த காப்ஸ் டயட்டுக்குள்ள இறங்கினோம்.

இறங்கின மாசம் என்ன மாசம்னு நெனைக்கிறீங்க?

புரட்டாசி.

இந்த டயட்டோட முதல் கட்டமே கறி வேகவெச்ச தண்ணி, எலும்பு சூப்பு, நல்லா வெந்த காய், சூப்புல வெந்த கறி. எங்க அத்தை பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருக்கறவங்க. வீட்டுல முட்டை வாசமே அந்த மாசம் வரக் கூடாது. நான் போய் ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்து நிக்கிறேன். அத்தை என்னைப் பாத்தாங்க. ஆட்டுக்காலைப் பாத்தாங்க. சாமி ரூம் கதவைச் சாத்தினாங்க. "புள்ளைக்கு மருந்துன்னா மருந்துதான். பெருமாள் கோச்சுக்க மாட்டாரு, கொல்லையில அடுப்பு வெச்சுக்கோ"ன்னாங்க.

(அத்தையை எவ்ளோ திட்டியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காக எல்லாம் தள்ளுபடி.)

சுத்த சைவக் குடும்பம்னா இந்த டயட்டே ஆரம்பத்துல நடக்காது. அதை யாரும் பணம் வாங்கறதுக்கு முன்னாடி சொல்றது இல்ல.

ரெண்டாம் கட்டத்துல நெய் வரும், பச்சை முட்டை மஞ்சக்கரு சூப்புல கலக்கச் சொல்லுவாங்க. (பச்சை முட்டைல சால்மோனெல்லா வரலாம். நாலு வயசுக் குழந்தைக்கு அதைக் குடுக்க எனக்கு மனசு வரல, குடுக்கல.) அப்புறம் அவகாடோ, பாதாம் அரைச்ச அடை, அப்புறம் சுட்ட கறி, கேரட் ஜூஸ், கடைசியா வேகவெச்ச ஆப்பிள், பச்சைக் காய், பழம். ஆறு கட்டம். அரிசி எதுலயும் இல்ல.

புது அயிட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டுல தடவிட்டுப் படுக்க வைக்கணும். காலைல சிவந்திருந்தா குடுக்கக் கூடாது. எங்க பையன் தடவின உடனே நக்கிட்டான். டெஸ்ட் பாஸா ஃபெயிலா? எங்க வீட்டுக்காரர், "சாப்பிட்டது வரைக்கும் லாபம்"னாரு.

சூப்பு கதைக்கு வருவோம். ஆட்டுக்கால் சூப்பு நம்ம ஊர்ல புதுசு ஒண்ணும் இல்ல. சளி புடிச்சா நெஞ்செலும்பு சூப்பு, நண்டு ரசம், எல்லாம் பாட்டி காலத்துல இருந்தே உண்டு. மிளகு தட்டிப் போட்டா நானே ரெண்டு கிண்ணம் குடிப்பேன். குடிச்சேன். எங்க வீட்டுக்காரர் குடிச்சார். அத்தையைத் தவிர எல்லாரும் ஆத்திக்கிட்டோம். ஆத்திக்க வேண்டியவன் மட்டும் வாசம் வந்தாலே மாடிக்கு ஓடினான்.

பசிச்சா தானா சாப்பிடுவான்னு எங்களுக்கு டயட் போட்டுக் குடுத்த ஆள் சொன்னாரு. நல்லாக் கேட்டுக்கோங்க, இதான் இந்தப் பதிவுலயே முக்கியமான இடம்.

சாதாரணமா அடம் பிடிக்கற குழந்தை பசிச்சா சாப்பிடும். ஆட்டிசம் இருக்கிற குழந்தைங்க பல பேர் அப்படிச் சாப்பிட மாட்டாங்க. அவங்களுக்கு வாசம், கலர், நாக்குல படற விதம் எல்லாம் நமக்குத் தெரியறதை விடப் பல மடங்கு. பழகாத சாப்பாடு அவங்களுக்கு ருசி பிடிக்காத விஷயம் இல்ல, பயம். பட்டினி கிடப்பாங்களே தவிர அந்தப் பயத்தை வாயில வைக்க மாட்டாங்க. பட்டினி போட்டுப் பழக்கறேன்னு இறங்கினா ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் போடற இடத்துலதான் போய் நிக்கும்.

எங்க பையன் எடை இறங்கிச்சு. சட்டை தோள்ல நிக்கல. தூக்கம் போச்சு. கடிக்க ஆரம்பிச்சான்.

அந்த டயட் ஆளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம்! "சூப்பர் மேடம்! அது டை-ஆஃப். கெட்ட கிருமியெல்லாம் சாகறப்போ விஷத்தை வெளிய விடும், அதான் இப்படி. டயட் வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

புள்ளை நல்லா இருந்தா டயட் வேலை செய்யுது. புள்ளை மோசமானா, டயட் இன்னும் நல்லா வேலை செய்யுது. ஒண்ணுமே ஆகலையா, நீங்க எங்கயோ ஏமாத்தியிருக்கீங்க, பாட்டி ஒளிச்சு பிஸ்கட் குடுத்திருப்பாங்க. நடந்தா என் பரிகாரம், நடக்கலன்னா உன் கிரகம்னு சொல்ற ஜோசியக்காரர் தோத்தாரு போங்க. எது நடந்தாலும் சரின்னு சொல்ற வைத்தியத்தை எப்படித்தான் சோதிச்சுப் பாக்கறது?

அன்னிக்கே அத்தை இட்லிக்கு ஊறப்போட்டாங்க. நான் தடுக்கல.

*

இப்போ ஹீரோ. மலச்சிக்கல்.

குழந்தைங்களுக்கான குடல் டாக்டர் ஒருத்தர்கிட்ட போனோம். வயித்தை அமுக்கிப் பாத்தாரு. எவ்ளோ நாளைக்கு ஒருதடவை போறான், எப்படிப் போறான், கல்லு மாதிரியா, ஜட்டியில தண்ணியா கசியுதான்னு கேட்டாரு. கசியுதுன்னேன். அதைத்தான் நாங்க வயித்துப்போக்குன்னு நெனச்சுட்டு இருந்தோம். உள்ள கல்லு மாதிரி அடைச்சிருந்தா, அதைச் சுத்தி தண்ணியா கசியுமாம்.

சோஃபா கை மேல வயித்தை வெச்சு அமுக்கிப் படுப்பான் எங்க பையன். ராத்திரி எந்திரிச்சு அலறுவான். எல்லாத்தையும் "ஆட்டிசத்துல இப்படித்தான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க இதுக்கு முன்னாடி. வயித்து வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை இப்படித்தான் சொல்லும்னு அவர் சொன்னாரு. 2010-லயே அமெரிக்காவுல நிபுணர்கள் குழு ஒண்ணு இதை எழுதி வெச்சிருக்கு: ஆட்டிசம் இருக்குங்கறதுக்காக வயித்துப் பிரச்சினையை ஒதுக்காதீங்க, மத்த குழந்தைக்குப் பாக்கற மாதிரியே முழுசாப் பாருங்க. தனி டயட் குடுங்கன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னும் அதே குழு சொல்லியிருக்கு.

மலத்தை இளக்கற பவுடர் எழுதிக் குடுத்தாரு. கொஞ்ச நாள் குடுத்து நிறுத்தக் கூடாது, மாசக்கணக்குல ஆகும், நானா நிறுத்தக் கூடாதுன்னாரு. சாப்பிட்டு முடிச்ச கையோட டாய்லெட்ல உக்கார வைக்கணும், காலுக்குக் கீழ ஒரு மணை போடணும் (கால் தொங்கினா முக்க முடியாதாம்). பால் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளருக்கு மேல வேண்டாம், தண்ணி ஏத்துங்க. இவ்ளோதான்.

தூங்கினான். கடிக்கறது குறைஞ்சுது. டீச்சர் "என்ன பண்ணீங்க, நல்லா உக்கார்றான்"னாங்க.

ஆட்டிசம் போச்சா? இல்லைங்க. வயித்து வலி போச்சு. வலி இல்லாத குழந்தை கவனிக்கும், கத்துக்கும், சிரிக்கும். இதை நான் இங்க அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சில பேர் டயட் ஆரம்பிச்சு "பையன் மாறிட்டான்"னு சொல்றாங்க இல்ல, அவங்க பொய் சொல்லல. பாலைக் குறைச்சதுல சில குழந்தைக்கு மலச்சிக்கல் குறையும். லாக்டோஸ் ஒத்துக்காத குழந்தைக்கு வயித்து உப்புசம் போகும். நெஜமாவே சீலியாக் இருந்தா கோதுமையை நிறுத்தினதும் ஆளே மாறும். அதெல்லாம் உண்மை. ஆனா அது வயித்துக்குக் கிடைச்ச வைத்தியம்.

*

"அப்போ ஆராய்ச்சி ஒண்ணுமே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு.

1979-ல ஜாக் பாங்க்செப்புன்னு ஒருத்தர் ஒரு யோசனை சொன்னாரு, ஆட்டிசத்துக்கும் மூளையில இருக்கிற அபின் மாதிரி ரசாயனத்துக்கும் தொடர்பு இருக்கலாம்னு. அதைப் பிடிச்சுட்டு, கோதுமையும் பாலும் சரியா செரிக்காம அபின் போல துணுக்கா ஆகி, ஓட்டைக் குடல் வழியா மூளைக்குப் போகுதுன்னு ஒரு கதை வளந்துச்சு. கேக்க நல்லா இருக்கும். ஆனா பசங்க சிறுநீர்ல அந்தத் துணுக்கைத் தேடிப் பாத்த ஆய்வுல, ஆட்டிசம் இருக்கற பசங்களுக்கும் இல்லாத பசங்களுக்கும் வித்தியாசம் தெரியல.

1998-ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுன்னு ஒரு டாக்டர். 12 குழந்தைங்களை வெச்சு, தடுப்பூசி, குடல், ஆட்டிசம் மூணையும் முடிச்சுப் போட்டு ஒரு மருத்துவப் பத்திரிகையில கட்டுரை எழுதினாரு. 2010-ல அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்ப வாங்கிடுச்சு, அவர் டாக்டர் பதிவும் போச்சு. குடல்தான் காரணம்ங்கிற பேச்சு மட்டும் போகல.

எனக்குப் பிடிச்சது ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல பண்ண ஆய்வு. பசங்களைக் கோதுமை, பால் இல்லாத டயட்ல பல வாரம் கண்டிப்பா வெச்சிருந்தாங்க. சத்துக் குறையாம பாத்துக்க டயட்டீஷியன் கூடவே இருந்தாங்க. அப்புறம் அப்பப்போ ஒரு தின்பண்டம் குடுத்தாங்க. ஒருதடவை கோதுமை இருக்கும், ஒருதடவை பால் புரதம், ஒருதடவை ரெண்டும், ஒருதடவை எதுவுமே இருக்காது. எது எதுன்னு அம்மா அப்பாவுக்கும் தெரியாது, பாக்கறவங்களுக்கும் தெரியாது. முடிச்சது 14 குழந்தைங்கதான், சின்ன ஆய்வு. ஆனா நடத்தை, தூக்கம், வயிறு, எதுலயும் வித்தியாசம் வரல.

2006-ல ஃப்ளோரிடாவுல இன்னொண்ணு, 15 குழந்தைங்க, 12 வாரம். அளந்து பாத்ததுல மாற்றம் இல்ல. ஆனா பல பெற்றோர் "இல்லைங்க, முன்னேற்றம் தெரியுது"ன்னாங்களாம்! நான் சிரிக்க மாட்டேன். நானும் அந்த மாதிரி தினமும் அவன் மூஞ்சியையே பாத்துட்டு "இன்னிக்குக் கண்ணு பாத்தான் இல்ல?"ன்னு வீட்டுக்காரரைப் பிடிச்சு உலுக்கினவதான்.

இங்கிலாந்துல டாக்டர்களுக்கு வழிகாட்டி போடற நைஸ் அமைப்போட 2013 வழிகாட்டி நேராவே சொல்லுது: ஆட்டிசத்தோட அடிப்படைத் தன்மைக்காகக் குளூட்டன், கேசின் (பால் புரதம்) விலக்கற டயட் வேண்டாம்.

இன்னொண்ணு, இது சுவாரஸ்யம். ஆட்டிசம் இருக்கறவங்க குடல்ல பாக்டீரியா வேற மாதிரி இருக்குன்னு செய்தி வருமே. 2021-ல ஆஸ்திரேலியாவுல 247 குழந்தைங்களோட மலத்தை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. அவங்க சொன்னது என்ன தெரியுமா? ஆட்டிசத்துனால குழந்தை கொஞ்ச வகைச் சாப்பாடுதான் சாப்பிடுது, அதனால பாக்டீரியா வகையும் குறையுது. அதாவது வண்டி எதிர்ப்பக்கமா ஓடிட்டு இருக்கு. அப்படிப் பாத்தா குழந்தைக்கு வேண்டியது சாப்பாட்டு வகை கூடறதுதானே? நாம லிஸ்ட்டு போட்டுக் குறைச்சுட்டு இருக்கோம்!

*

"டயட்தானே, பண்ணிப் பாத்தா என்ன நஷ்டம்?"

இருக்கு. 2008-ல அமெரிக்காவுல 75 பசங்க எலும்பை எக்ஸ்ரேயில அளந்தாங்க. ஆட்டிசம் இருக்கற பசங்க எலும்பு பொதுவாவே மெலிசு, பால் விலக்கின பசங்களுக்கு இன்னும் மெலிசு. ரெண்டு மூணு அயிட்டத்துலயே ஓடற குழந்தைங்களுக்கு ஸ்கர்வி வந்து, ஈறுல ரத்தம் வந்து, காலை ஊன முடியாமப் போனதை டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. ஸ்கர்வி! கப்பல் மாலுமிக்கு வரும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே.

பண நஷ்டம் தனி. பாதாம் மாவு, அவகாடோ, புரோபயாட்டிக் டப்பா. அந்தக் காசுக்கு மாசம் எத்தனையோ ஸ்பீச் தெரபி வரும்.

எல்லாத்தையும் விடப் பெருசு, நம்பிக்கை. இட்லிக்குள்ள கேரட்டை ஒளிச்சு வெச்சுக் குடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கண்டுபிடிச்சுட்டான்னா கேரட் மட்டும் போகாது, இட்லியும் சேந்து போயிடும். நாலு சாப்பாடு மூணாயிடும்.

*

இவ்ளோ சொன்ன பிறகும் சில பேர் ஆரம்பிக்கத்தான் போறீங்க. தெரியும். அந்த "ஒருவேளை..." நம்மளைத் தூங்க விடாது. அவங்களுக்காக:

சீலியாக் ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே எடுத்துடுங்க. டி.டி.ஜி.ன்னு சொல்லுவாங்க. நிறுத்தின பிறகு எடுத்தா, இருந்தாலும் இல்லைன்னு வரலாம். இதை எந்த பி.டி.எஃப்.லயும் போட மாட்டாங்க.

இரும்புச் சத்து, வைட்டமின் டி பாத்துடுங்க. மண்ணு, சுவத்துச் சுண்ணாம்பு தின்ற பழக்கம் இருந்தா ஈயமும் பாக்கச் சொல்லுங்க.

நூறு சாப்பாட்டுக்கு ஐ.ஜி.ஜி. டெஸ்ட்னு ஆயிரக்கணக்குல வாங்குவாங்க. வேண்டாம். அது குழந்தை என்ன சாப்பிட்டிருக்குன்னுதான் காட்டும், என்ன ஒத்துக்கலன்னு காட்டாது. அலர்ஜி டாக்டர்கள் சங்கங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் நிறுத்துங்க. எப்போ முடிக்கணும்னு முன்னாடியே தேதி போட்டுக்கோங்க. அந்த சமயத்துல புது தெரபி, புது ஸ்கூல், புது மருந்து எதுவும் வேண்டாம். எதுனால மாறுச்சுன்னே தெரியாமப் போயிடும். ஸ்கூல் டீச்சர்கிட்ட சொல்லாம இருந்து, அவங்களாச் சொல்றாங்களான்னு பாருங்க. (அலர்ஜி இருக்கற குழந்தைன்னா கண்டிப்பாச் சொல்லணும், அது வேற.) தேதி வந்ததும் திரும்பக் குடுத்துப் பாருங்க. ஒண்ணும் ஆகலையா, டயட்டுக்கு டாட்டா.

வாராவாரம் எடை பாருங்க. இறங்கினா அன்னிக்கே நிறுத்துங்க. யாரு என்ன டை-ஆஃப்னு சொன்னாலும்.

குழந்தை நம்பிச் சாப்பிடற கடைசி ரெண்டு மூணு அயிட்டத்துல கை வைக்காதீங்க. இது மட்டும் சத்தியமா.

*

இப்போ எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு சொல்லிடறேன். வகையைக் கூட்டற வேலைதான். ஓ.டி. மேடம் சொல்லிக் குடுத்தது, அவன் சாப்பிடறதுல இருந்து ஒரே ஒரு படி தள்ளிப் போறது. வெறும் இட்லி. அப்புறம் அதே இட்லி, நெய் தடவி. அப்புறம் குட்டி இட்லி. அப்புறம் தட்டோட இன்னொரு ஓரத்துல ஒரு சிட்டிகைப் பொடி, தொட வேண்டாம், சும்மா இருக்கட்டும். அது அங்க எவ்ளோ காலம் சும்மா இருந்துச்சுன்னு கேக்காதீங்க. ஒருநாள் விரலை வெச்சான். ஒருநாள் நக்கினான். இப்போ பொடி இட்லி சாப்பிடறான். அதுல எள்ளு இருக்கு, உளுந்து இருக்கு, கறிவேப்பிலைகூட இருக்கு!

இட்லி மாவுல ஒரு ஸ்பூன் ராகி, அவன் கண்ணு முன்னாடியே. ஒளிக்கறது இல்ல. கலர் லேசா மாறினா "இது ராகி"ன்னு காட்டிட்டுத்தான் ஊத்தறேன். சில நாள் தள்ளுவான். தள்ளட்டும். பக்கத்துல வெள்ளை இட்லி எப்பவும் இருக்கும்.

வாழைப்பழம் வந்துச்சு. அவிச்ச முட்டையில வெள்ளைக்கரு வந்துச்சு (கலர் ராசி). நெத்திலி வறுத்தா முறுமுறுன்னு சத்தம் கேக்கறதுக்காகவே சாப்பிடறான். ஆட்டுக்கால் சூப்பு மட்டும் இன்னும் ஜென்மப் பகை.

சென்னைப் பக்கம் இருக்கறவங்களுக்கு முட்டுக்காட்டுல நிப்மெட் இருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம். மத்த மாவட்டத்துல இருந்தா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்க இருக்குன்னு அரசு ஆஸ்பத்திரில கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் வருது, அடையாள அட்டை வாங்கிடுங்க. பி.டி.எஃப்.க்குக் குடுக்கற காசும் நேரமும் இதுக்குக் குடுத்தாப் பிரயோஜனம் உண்டு.

அந்தப் பொண்ணுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். புள்ளைக்கு வயிறு வலிக்குதான்னு மொதல்ல பாருங்க. அதுக்கு வைத்தியம் இருக்கு, சீக்கிரம் கிடைக்கும், விலையும் கம்மி. ஆட்டிசத்தைச் சாப்பாட்டுல போக்கறேன்னு யாராவது பணம் கேட்டா, "என் புள்ளை இப்போ என்ன சாப்பிடறான்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வரலைன்னா போனை வெச்சுடுங்க.